மூன்றே மேட்ச் ஆடிய கேப்டன்

பள்ளிக்கூட வினாடி வினாவுக்குக் கேள்வி தயார் செய்கிறீர்கள். ‘உலகின் முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் யார்’ என்பதற்கு ஓரிடத்தில் ஆர்தர் வார்ட்டன் என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் ஆண்ட்ரூ வாட்சன் என்று போட்டிருக்கிறது, எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: ‘வாட்சன் நாட்டுக்காக ஆடியதே மூன்று மேட்ச்தானாம், அதுவும் சம்பளம் வாங்காத அமெச்சூராம், அவரை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறார்கள்?’ முதல் கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். உங்களுக்கு உண்மையில் உறுத்துவது இரண்டாவது கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வருடங்களுக்கு மேல் மாவட்ட லீக் ஆட்டங்களில் விசில் ஊதியவன் நான். விதிகள் எப்படி மாறி வந்தன என்று தேடப்போய் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்டத்தில் மாட்டிக்கொண்டேன். ஆட்டத்தைப் பற்றியும் விதிகளைப் பற்றியும் நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். வாட்சனின் குடும்ப விவரங்கள் வேறு பலர் பதிவேடுகளைப் புரட்டிக் கண்டுபிடித்தவை. நான் படித்துத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

வாட்சன் பிறந்தது 1856 மே மாதம், தென் அமெரிக்காவில் அன்று பிரிட்டிஷ் கயானா என்று அழைக்கப்பட்ட நாட்டின் டெமராரா பகுதியில். தந்தை பீட்டர் மில்லர் வாட்சன், கரும்புத் தோட்டத் தொழிலில் பணம் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர். தாய் ஹன்னா ரோஸ், உள்ளூர்ப் பெண். அந்த நாட்டில் அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1838-ல். அதற்குப் பதினெட்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை இவர். (அடிமைகள் விடுதலையான பிறகு அந்தத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க இந்தியாவுக்குத்தான் வந்தார்கள். 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படிப் போனவர்களின் வழிவந்தவர்களை இன்றைக்கும் கயானாவில் ‘மதராசி’ என்றுதான் சொல்கிறார்கள். டெமராரா என்ற பெயர் நமக்கு அவ்வளவு அந்நியமானது இல்லை.)

அப்பா மகனையும் மூத்த மகள் அன்னெட்டாவையும் பிரிட்டனுக்குக் கூட்டி வந்தார். பையன் முதலில் ஹாலிஃபாக்ஸ் நகரில் படித்தான், பிறகு லண்டன் கிங்ஸ் காலேஜ் பள்ளியில். 1869-ல் அப்பா இறந்துபோனார். உயிலில் பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு 6,000 பவுண்டு. அன்றைக்கு ஒரு நல்ல தொழிலாளிக்கு வாரம் ஒன்றரை பவுண்டு கூலி கிடைத்தால் பெரிய விஷயம். அந்தக் கணக்கில் எழுபது, எண்பது வருடக் கூலி அது. வாட்சனுக்கு அப்போது பதின்மூன்று வயது. இந்தப் பணத்தை மறக்காதீர்கள், கதை திரும்பத் திரும்ப இதற்குத்தான் வரும்.

பத்தொன்பது வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதம், இயற்பியல், பொறியியல். ஒரே வருடத்தில் படிப்பை விட்டுவிட்டார். ஆனால் கிளாஸ்கோவை விடவில்லை. அங்கேயே தொழிலில் இறங்கினார், 1877-ல் ஜெஸ்ஸி நிம்மோ ஆர்மர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், மாக்ஸ்வெல் என்ற சின்ன கிளப்பில் ஆடி, அப்புறம் பார்க்குரோவ் கிளப்புக்கு மாறினார். பார்க்குரோவில் ஆடியதோடு மேட்ச் செயலாளர் வேலையையும் பார்த்தார். அந்த வேலை என்னவென்று எங்கள் லீக் ஆட்களைக் கேட்டால் தெரியும். எதிர் அணிக்குக் கடிதம் எழுதித் தேதி வாங்குவது, மைதானம் பிடிப்பது, பதினொரு பேர் வந்து சேர்கிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பது. கறுப்பினத்தவர் ஒருவர் கால்பந்து நிர்வாகத்தில் இருந்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றே இவர்தான் என்கிறார்கள்.

இங்கேதான் அமெச்சூர் என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘அரைகுறை’ என்ற அர்த்தம் மனதில் ஓடுகிறது. நீங்கள் எழுதிய தொனியும் அதுதான். 1880-ல் நிலைமை தலைகீழ். ஸ்காட்லாந்தில் காசு வாங்கி ஆடுவதற்கு அனுமதியே கிடையாது. 1893-ல்தான் அதைச் சட்டபூர்வம் ஆக்கினார்கள். இங்கிலாந்தில் 1885. அதுவரை நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரன்கூடக் கணக்குப்படி அமெச்சூர்தான். கிளப் அவனுக்குக் கொடுக்காது, அவன்தான் கிளப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்க்க வேண்டும். நம் ஊரில் ரயில்வேயிலோ வங்கியிலோ ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வில் வேலை வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஆட்டம்தான் வேலையை வாங்கித் தருகிறது. வாட்சன் காலத்து அமெச்சூருக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

ஆனாலும் எல்லோரும் ஒழுங்காக இருந்தார்களா என்றால், அதுதான் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே பஞ்சாலை ஊர்களில் இருந்த கிளப்புகள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களை ஓசைப்படாமல் கூட்டிவந்து, ஆலையில் பெயருக்கு ஒரு வேலை கொடுத்து, மேசைக்கு அடியில் காசைத் தள்ளிக்கொண்டிருந்தன. 1884-ல் பிரெஸ்டன் கிளப்பின் வில்லியம் சுடெல் ‘ஆமாம், கொடுக்கிறோம், எல்லோரும்தான் கொடுக்கிறார்கள்’ என்கிற மாதிரி பட்டென்று ஒப்புக்கொள்ள, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையிலிருந்தே அந்த அணியை நீக்கினார்கள். அடுத்த வருடமே விதியை மாற்ற வேண்டியதாகிவிட்டது. வாட்சனின் ஆட்டக்காலம் சரியாக இந்த இழுபறியின் நடுவில் வருகிறது. அப்பா விட்டுப்போன பணம் இருந்ததால் அவருக்கு மேசைக்கு அடியில் கைநீட்ட வேண்டிய தேவை வரவில்லை.

1880 ஏப்ரலில் குவீன்ஸ் பார்க் கிளப்பில் சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு கிளப் கிடையாது. 1867-ல் தொடங்கியது. ‘விளையாட்டுக்காகவே விளையாடுவது’ என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகத்தைக் குறிக்கோளாக வைத்துக்கொண்டு 2019 வரைக்கும் அமெச்சூராகவே இருந்த பிடிவாதக்கார கிளப். ஆட்டத்தில் அவர்கள் கொண்டுவந்த மாற்றம் இன்னும் பெரிது. இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் பந்து காலுக்கு வந்தால் தலையைக் குனிந்து ஒற்றை ஆளாகப் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே ஓடுவார்கள். மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள், பந்து நழுவினால் எடுக்க. குவீன்ஸ் பார்க் ஆட்கள் பந்தை ஒருவருக்கொருவர் பாஸ் செய்தார்கள். இன்று இதைச் சொன்னால் சிரிப்பு வரும். அன்று அதுதான் ரகசியம்.

வாட்சன் ஆடிய இடம் பேக், அதாவது பின்னால் நின்று எதிரணியைத் தடுக்கிற இடம். அந்தக் காலத்து அமைப்பை மனதில் கொண்டுவந்தால்தான் அவர் பார்த்த வேலை புரியும். முன்னால் ஆறு ஃபார்வர்டு, நடுவில் இரண்டு ஹாஃப், பின்னால் இரண்டே இரண்டு பேக், அப்புறம் கோலி என்கிற கோல்கீப்பர். எதிரணியின் ஆறு ஃபார்வர்டுகள் மொத்தமாகப் பாய்ந்து வரும்போது ஹாஃப்களைத் தாண்டிவிட்டால் நிற்பது இரண்டு பேர். பெனால்ட்டி கிக் கிடையாது, அது 1891-ல் வந்தது. கோல் வலையும் அப்படித்தான். தோளால் இடித்துத் தள்ளுவது தாராளமாகச் செல்லும், கோலியையே இடித்து உள்ளே தள்ளலாம். இந்த இடத்தில் நிற்கிறவனுக்கு ஓட்டம் வேண்டும், பயமில்லாமல் காலை விட்டுப் பந்தை எடுக்கத் தெரிய வேண்டும், எடுத்ததை நீளமாக, குறி தவறாமல் உதைக்கவும் வேண்டும். வாட்சனிடம் இந்த மூன்றும் இருப்பதாக ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கத்தின் ஆண்டு மலரே எழுதியது; நாட்டின் மிகச் சிறந்த பேக்குகளில் ஒருவர், எந்தப் பிரதிநிதித்துவ அணியிலும் இடம்பெறத் தகுதியானவர் என்றது.

இனி நீங்கள் ‘மூன்றே மேட்ச்’ என்ற அந்த மூன்று. 1881 மார்ச் 12, சனிக்கிழமை, லண்டன் கென்னிங்டன் ஓவல். ஆமாம், கிரிக்கெட் ஆடும் அதே ஓவல்தான். இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்து. வாட்சனுக்கு இது முதல் சர்வதேச ஆட்டம், முதல் ஆட்டத்திலேயே கேப்டன். ஸ்காட்லாந்து 6-1 என்று வென்றது. இங்கிலாந்து தன் சொந்த மண்ணில் வாங்கிய மிக மோசமான தோல்வி இன்றுவரை அதுதான். இடையில் ஒரு ஞாயிறு. திங்கட்கிழமை மார்ச் 14 அன்று ரெக்ஸம் நகரில் வேல்ஸுக்கு எதிராக இறங்கி 5-1. அடுத்த வருடம் 1882 மார்ச் 11, கிளாஸ்கோவின் பழைய ஹாம்ப்டன் பார்க்கில் மறுபடி இங்கிலாந்து, மறுபடி 5-1. மூன்று ஆட்டத்தையும் கூட்டிப் பாருங்கள்: போட்டது பதினாறு, வாங்கியது மூன்று. பின்னால் இரண்டே பேர் நின்ற காலத்தில் ஆட்டத்துக்கு ஒரு கோல்தான் விட்டிருக்கிறார்கள். போட்ட பதினாறுக்கு ஃபார்வர்டுகள் பாராட்டு வாங்கிக்கொள்ளட்டும். ரெஃப்ரி கண்ணுக்கு அந்த மூன்றுதான் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு ஏன் நின்றது? தோல் நிறம்தான் காரணமா என்று பலர் கேட்பதுண்டு, உங்கள் மனதிலும் இருக்கலாம். பதிவுகள் காட்டும் காரணம் வேறு. 1882-ல் அவர் வேலை நிமித்தம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். இங்கிலாந்தில் வசிக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களைத் தேசிய அணிக்கு எடுப்பதில்லை என்பது அன்றைய ஸ்காட்டிஷ் சங்கத்தின் பழக்கம். 1896-ல்தான் அதைத் தளர்த்தினார்கள். ஆக, ரயிலேறிய நாளோடு அவர் சர்வதேச ஆட்டம் முடிந்தது. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் பலருக்கும் இதே கதிதான். இதை வைத்து அன்றைய பிரிட்டனில் நிறவெறியே இல்லை என்று யாராவது கிளம்பினால் நம்பாதீர்கள். எனக்குத் தெரிவதெல்லாம் இவ்வளவுதான்: அணித் தேர்வைப் பொறுத்தவரை அவர் வழியை அடைத்தது குடியிருப்பு விதி. அவர் படித்த பள்ளிகளும் கையில் இருந்த பணமும் பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கும் என்பது என் ஊகம். அதே திறமையோடு, அதே நிறத்தோடு, காசில்லாத ஒரு துறைமுகக் கூலியின் மகனாக இருந்திருந்தால் அந்த கேப்டன் பதவி கிடைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

லண்டனில் ஸ்விஃப்ட்ஸ் என்ற கிளப்புக்காக இறங்கினார். எஃப்.ஏ. கோப்பையில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அந்த வருடமே மனைவி ஜெஸ்ஸி இறந்துபோனார். பிள்ளைகள் இரண்டு பேரும் கிளாஸ்கோவில் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனார்கள். ஆட்ட முடிவுகளைத் தேதிவாரியாக அடுக்கும்போது இந்த வரி கண்ணில் படாமலே போய்விடும்.

இந்தக் கட்டத்தில் நடந்த ஒரு சமாசாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்காட்லாந்திடம் 1881-லும் 82-லும் அடி வாங்கிய இங்கிலாந்துக்காரர்கள் ‘நம் ஆட்கள் சேர்ந்து ஆடிப் பழகவே இல்லை, அதுதான் கோளாறு’ என்று முடிவுக்கு வந்தார்கள். லேன் ஜாக்சன் என்பவர் முன்னின்று, சிறந்த அமெச்சூர்களை ஒன்றாக ஆடவைக்க 1882-ல் ஒரு கிளப் தொடங்கினார். அதுதான் புகழ்பெற்ற கொரிந்தியன்ஸ். ஸ்காட்லாந்தை எப்படி மடக்குவது என்று கற்றுக்கொள்ளத் தொடங்கிய அந்த கிளப், கொஞ்ச நாளில் யாரை ஆடக் கூப்பிட்டது தெரியுமா? ஓவலில் ஆறு கோல் வாங்க வைத்த அதே ஸ்காட்லாந்து கேப்டனை. வாட்சனும் போனார். 1884 டிசம்பரில், எஃப்.ஏ. கோப்பையைக் கையில் வைத்திருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை கொரிந்தியன்ஸ் 8-1 என்று நொறுக்கியபோது அவரும் அணியில் இருந்தார்.

பிறகு கிளாஸ்கோ திரும்பி குவீன்ஸ் பார்க்குடன் 1886-ல் ஸ்காட்டிஷ் கோப்பை வென்றார். 1881, 1882 கோப்பைகளைச் சேர்த்தால் மொத்தம் மூன்று. பெரிய போட்டி ஒன்றின் கோப்பையை வென்ற முதல் கறுப்பின வீரரும் இவர்தான். 1887-ல் எலைசா கேட் டைலரை மறுமணம் செய்துகொண்டு லிவர்பூல் பக்கம் போனார். அங்கே பூட்டில் கிளப்பில் ஆடினார். உங்கள் முதல் கேள்வியின் சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பூட்டில் சில ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்த கிளப். வாட்சனுக்கும் கொடுத்ததா? கொடுத்ததாக ஒரு சீட்டும் கிடைக்கவில்லை. கொடுத்திருந்தால் ‘முதல் கறுப்பினத் தொழில்முறை வீரர்’ என்ற பட்டமும் இவருக்கே போய்விடும். ஆதாரம் இல்லாதவரை அந்தப் பட்டம் வார்ட்டனிடம் இருப்பதுதான் நியாயம்.

ஆர்தர் வார்ட்டன் 1865-ல் இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்தவர். கோல்கீப்பர். 1886-ல் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நூறு கஜத்தைப் பத்து விநாடியில் ஓடிக் காட்டிய மின்னல். பிரெஸ்டனுக்கு அமெச்சூராக ஆடிவிட்டு 1889-ல் ராதர்ஹாம் டவுனில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஆட்டத்தை விட்ட பிறகு சுரங்கத்தில் வேலை பார்த்து 1930-ல் ஏழையாக இறந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல் வைத்ததே 1997-ல்தான். வார்ட்டன் கதை முதலில் வெளியே வந்தது. அதனால் ‘முதல்’ என்ற சொல்லும் அவர் பெயரோடு முதலில் ஒட்டிக்கொண்டது. நீங்கள் பார்த்த இரண்டு விடைகளில் ஒன்று அந்தக் காலத்து மிச்சம்.

வாட்சனை ஏன் மறந்தார்கள் என்பதற்கும் இந்த அமெச்சூர் விஷயத்தில் பாதிப் பதில் இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒப்பந்தம் இருக்கும், சம்பளப் புத்தகம் இருக்கும், கிளப் மாறினால் கடிதப் போக்குவரத்து இருக்கும். அமெச்சூருக்கு மிஞ்சுவது செய்தித்தாளில் வந்த அணிப் பட்டியலில் ஒரு குடும்பப் பெயர் மட்டும். வாட்சன் என்ற பெயர் ஸ்காட்லாந்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அன்றைய செய்தியாளர்கள் அவர் நிறத்தைப் பற்றி எழுதியதும் குறைவு. எல்லோரும் கறுப்பு பூட்ஸ் போடும்போது இவர் பழுப்பு பூட்ஸ் போட்டிருந்தாரே என்று ஆச்சரியப்பட்ட குறிப்பு ஒன்று இருக்கிறது. ஆக, வெறும் எழுத்தை வைத்துத் தேடியவர்களுக்கு அவர் கறுப்பினத்தவர் என்பதே தெரியாமல் போயிருக்கலாம். தெரிய வைத்தது 1881 அணியின் புகைப்படம். மீசை வைத்த வெள்ளை முகங்களுக்கு நடுவே வாட்சன்.

ஆட்டத்தை விட்ட பிறகு அவர் கப்பல் எஞ்சினியர் ஆனார். தேர்வு எழுதித் தகுதிச் சான்று வாங்கி லிவர்பூலிலிருந்து கடலுக்குப் போனார். அப்பா பணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பொழுதைக் கழித்தார் என்று யாராவது எழுதியிருந்தால் அது தவறு. கடலோடியதால் தடயம் இன்னும் மங்கியது. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் 1902-ல் சிட்னியில் இறந்தார் என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். சில இணையப் பக்கங்களில் இன்றும் அப்படியே கிடக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். உண்மையில் அவர் லண்டனின் கியூ பகுதியில் குடும்பத்தோடு குடியிருந்து, 1921 மார்ச் 8 அன்று நிமோனியாவில் இறந்தார். ஓவல் ஆட்டத்தின் நாற்பதாவது ஆண்டு நிறைவுக்கு நான்கு நாள் பாக்கி. ரிச்மண்ட் மயானத்தில் இருக்கும் கல்லறை நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. நூறாவது நினைவாண்டையொட்டிச் சீர்செய்தார்கள்.

சரி, வினாடி வினா. ‘உலகின் முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் யார்’ என்று கேட்காதீர்கள். அதற்கு யாராலும் உறுதியாக விடை சொல்ல முடியாது; 1870-களின் ஏதோ ஒரு தெரு மைதானத்தில் பேர் தெரியாத ஒரு பையன் இவர்களுக்கு முன்பே ஆடியிருப்பான். ‘முதல் கறுப்பின சர்வதேசக் கால்பந்து வீரர் யார்’ என்று கேட்டால் விடை ஆண்ட்ரூ வாட்சன், 1881, ஸ்காட்லாந்து. ‘முதல் தொழில்முறை வீரர்’ என்று கேட்டால் ஆர்தர் வார்ட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; கேள்வியில் ‘ஆதாரத்தோடு அறியப்பட்ட’ என்று இரண்டு சொல் சேர்த்துவிட்டால் எந்த வாத்தியாரும் உங்களோடு சண்டைக்கு வர முடியாது. பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி கேட்க வேண்டுமானால் என் யோசனை இது: ‘இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் 6-1 என்று தோற்கடித்த அணியின் கேப்டன், தென் அமெரிக்காவில் பிறந்தவர், யார்?’ முக்கால்வாசிப் பேர் பிரேசில்காரர் ஒருவரின் பெயரைச் சொல்வார்கள்.